கூகுளுக்காகத் தனியாக ஒரு மொபைல் சைட் வாங்க வேண்டுமா?

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட், போர்வை மொத்த வியாபாரம் செய்கிறோம். பல வருடங்களுக்கு முன் செய்த வெப்சைட் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் நன்றாகத் தெரிகிறது, போனில் எழுத்து பொடிப்பொடியாக வருகிறது. ஒரு நிறுவனத்தார் விடாமல் போன் செய்கிறார்கள். மொபைலுக்குத் தனி சைட் செய்து கூகுளில் பதிவும் செய்து தர 40,000 ரூபாயாம். செய்யாவிட்டால் கூகுளில் எங்கள் கடையே வராதாம். வாங்கலாமா?

பதில்: தனி சைட் வேண்டாம். இருக்கிற சைட்டையே போனுக்கும் பொருந்துகிற மாதிரி மாற்றி வாங்குங்கள். அதற்கு ரெஸ்பான்ஸிவ் டிசைன் என்று பெயர். முகவரி ஒன்றுதான், பக்கமும் ஒன்றுதான். திரையின் அகலத்துக்கு ஏற்றபடி அடுக்கு மட்டும் மாறும். கூகுளும் இந்த முறையைத்தான் பரிந்துரைக்கிறது.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. போனில் தேடுபவர்களுக்கு, போனில் படிக்க வசதியான பக்கங்களை முன்னே காட்டும் வழக்கத்தை கூகுள் 2015 ஏப்ரலில் கொண்டுவந்தது. அப்புறம் 2016-ல், சைட்டின் மொபைல் வடிவத்தைப் படித்தே இனித் தேடல் பட்டியல் போடுவோம் என்று அறிவித்து, படிப்படியாக மாறி, 2023 அக்டோபரில் அந்த வேலை முடிந்தது என்றது. போனில் திறக்கவே திறக்காத சைட்டுகளை 2024 ஜூலைக்குப் பிறகு பட்டியலில் சேர்ப்பதில்லை. உங்கள் சைட் திறக்கிறது, படிக்கத்தான் சிரமம். அதனால் கடையே வராது என்பது வெறும் பயமுறுத்தல். ஆனாலும் திருத்துங்கள். கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டிய விலைப்பட்டியலோடு எந்த வியாபாரியும் மல்லுக்கட்ட மாட்டார்.

தனி சைட்டில் வேறொரு வம்பும் உண்டு. ஒவ்வொரு சரக்குக்கும் இரண்டு பக்கம், இரண்டு முகவரி. இது அதன் மொபைல் வடிவம், அது இதன் மூலப் பக்கம் என்று இரண்டிலும் குறிப்பு எழுதி இணைக்க வேண்டும். விலை மாறினால் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. மொபைல் சைட் சின்னதாக இருக்கட்டும் என்று நீள அகலம், நூல் விவரம், மொத்த விலை எல்லாவற்றையும் வெட்டிவிடுவார்கள். கூகுள் படிப்பது அந்த வெட்டிய பக்கத்தைத்தான். மதுரையில் ஒருவர் டபுள் பெட்ஷீட் மொத்த விலை என்று தேடினால், அந்தச் சொற்களே இல்லாத உங்கள் பக்கம் எப்படி வரும்? கம்ப்யூட்டர் பக்கத்தில் எவ்வளவு விவரமாக எழுதியிருந்தாலும் அது கணக்கில் வராது.

தொட்டால் விரியும்படி விவரங்களை மடித்து வைப்பதில் தவறில்லை, அவை பக்கத்திலேயே இருக்கும்வரை கூகுள் படித்துக்கொள்ளும். தொட்ட பிறகுதான் சர்வரிலிருந்து கொண்டுவருவோம் என்று செய்தால் படிக்காது. கூகுளுக்காகப் பக்கங்களைப் படிக்கும் மென்பொருளான ரோபோ பட்டனைத் தொடுவதில்லை. விலைப்பட்டியலைப் போட்டோவாகப் போடாமல் எழுத்தாகவே போடச் சொல்லுங்கள்.

பதிவுக்குப் பணமே கிடையாது. உங்கள் சைட் ஏற்கனவே பட்டியலில் இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். கூகுள் தேடலில் ஆங்கிலத்தில் site என்று தட்டி, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியைச் சேருங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும்.

கேள்வி: எங்களிடம் வெப்சைட் வேலை கேட்டு வந்தவர், கூகுள் தேடலின் முதல் பக்கத்தில் முதல் இடம் உத்தரவாதம், எழுதியே தருகிறோம் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. விளம்பரத்துக்குப் பணம் கட்டி மேலே காட்டிவிட்டு, இதுதான் முதல் இடம் என்பவர்களும் உண்டு. பணம் தீர்ந்த அன்று அந்த இடமும் போய்விடும். விளம்பரம் கொடுப்பதால் சாதாரணத் தேடல் வரிசையில் இடம் உயர்வதும் இல்லை.

மொபைல் டெஸ்டில் பாஸ் என்று கூகுள் பெயரில் ஒரு படத்தைக் காட்டினால் தேதியைப் பாருங்கள். அந்தச் சோதனைக் கருவியை கூகுள் 2023 டிசம்பரிலேயே மூடிவிட்டது.

வேலை கொடுப்பதானால் டொமைன், அதாவது சைட்டின் முகவரி, உங்கள் பெயரில், உங்கள் இமெயிலில் இருக்கட்டும். சர்ச் கன்சோல் என்ற கூகுளின் இலவச வசதியையும் உங்கள் கணக்கிலேயே திறக்கச் சொல்லுங்கள். இவை அவர்கள் கையில் இருந்தால் நாளைக்கு ஆளை மாற்றும்போது திண்டாட வேண்டும். மீதிப் பணம் கொடுக்கும் முன், சர்ச் கன்சோலில் உங்கள் சரக்குப் பக்கம் ஒன்றின் முகவரியைக் கொடுத்து, டெஸ்ட் லைவ் யூஆர்எல் என்பதை அழுத்துங்கள். கூகுளின் ஸ்மார்ட்போன் ரோபோவுக்கு அந்தப் பக்கம் எப்படித் தெரிகிறது என்று படமாகக் காட்டும். அளவும் விலையும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள்.