அகதிகளின் மனக்காயத்தை எப்படி மதிப்பிடுவது? மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: அகதிகளுக்கென்று தனி வினாத்தாள் எதற்கு, டாக்டர்? பொதுவாக உள்ளவை போதாதா? (உளவியல் மாணவி, திருச்சி)

போதாது. கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் அமைப்பின் கொடிய ஆட்சிக்குத் தப்பி வந்த கம்போடியர்கள் பலர் மருத்துவரிடம் தலைவலி, தூக்கமின்மை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பட்டினியையும் கொலைகளையும் தாமாகப் பேசவில்லை. பாஸ்டனில் மனநல மருத்துவர் ரிச்சர்ட் மொலிக்காவும் சகாக்களும் இந்தோசீன (வியட்நாம், கம்போடியா, லாவோஸ்) அகதிகளுக்காக உருவாக்கி, 1992இல் வெளியிட்டதுதான் ஹார்வர்டு அதிர்ச்சி வினாத்தாள். முதலில் நிகழ்வுகளின் பட்டியல்: நீங்களே அனுபவித்தீர்களா, நேரில் பார்த்தீர்களா, கேள்விப்பட்டீர்களா? விவரிக்கத் தேவையில்லை, தலையசைத்தால் போதும். அடுத்து 30 அறிகுறிகள். அவற்றில் 16 பிடிஎஸ்டி (PTSD) எனப்படும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்க்கான மருத்துவ வரையறையிலிருந்து வந்தவை. மீதி 14 அகதி வாழ்வைத் தொடுபவை: தான் மட்டும் பிழைத்துவிட்ட குற்ற உணர்வு, நம்பியவரே கைவிட்ட நினைப்பு, முன்பிருந்த திறமை போய்விட்டது என்ற கலக்கம். இந்தப் 14ஐயும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள், அம்மா.

கேள்வி: இந்த வினாத்தாளில் அறிகுறி மதிப்பெண்களின் சராசரி 2.5 வந்தால் பிடிஎஸ்டி என்று எழுதிவிடலாமா? (முகாம் தன்னார்வலர்)

கூடாது. 1 முதல் 4 வரையிலான அளவில் 2.5 என்ற எல்லை, குறிப்பிட்ட நோயாளிகளை வைத்து வந்தது. இன்னொரு மக்களிடம் அது பொருந்துகிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். நோய் என்று முடிவு செய்ய மருத்துவரின் நேர்காணல் வேண்டும். அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், அன்றாட வாழ்க்கையை முடக்க வேண்டும். அடிவாங்கியவர்களிடம் தலைக்காயம் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மறதியும் எரிச்சலும் அதனாலும் வரும்.

அகதி என்றாலே நோயாளி என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். மேற்கு நாடுகளில் குடியேறிய வயதுவந்த அகதிகள் பற்றிய ஆய்வுகளை 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே பிடிஎஸ்டி இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் லாங் பீச் நகரில் வாழும் கம்போடிய அகதிகளிடம் செய்த ஆய்வில் 62 சதவீதம். யாரிடம், எப்படிக் கேட்டார்கள் என்று பார்க்காமல் எந்தச் சதவீதத்தையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

கேள்வி: அகதியாகப் புகலிடம் கேட்கும் என் கட்சிக்காரர் முதல் விசாரணையில் ஒன்றும் இரண்டாவதில் வேறொன்றும் சொல்கிறார். பொய் சொல்கிறாரா? (வழக்கறிஞர்)

முரண்பாட்டை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்வது பெரிய அநீதி. பிரிட்டனில் தங்க அனுமதி பெற்றுவிட்ட கொசோவோ, பொஸ்னிய அகதிகளை இருமுறை பேட்டி கண்ட ஆய்வு 2002இல் வெளிவந்தது. பொய் சொல்லி அவர்கள் அடையப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் விவரங்கள் மாறின. அவரவர் ஓரமானவை என்று கருதிய விவரங்களே அதிகம் மாறின. பிடிஎஸ்டி கடுமையாக இருந்தவர்களிடம், இரு பேட்டிகளுக்கும் இடைவெளி நீண்டபோது, முரண்பாடுகளும் கூடின. தேதி தடுமாறியதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது. சித்திரவதை வழக்கென்றால், சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி உடல், மனம் இரண்டையும் பரிசோதித்து அறிக்கை தயாரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா வன்னியிலிருந்து வந்தவர். உடம்பு நோகிறது என்பார், பெருமூச்சு விடுவார், வேறொன்றும் சொல்வதில்லை. அவரைப் பேச வைக்க வேண்டுமா? (டொரோண்டோ)

வற்புறுத்தாதீர்கள், தம்பி. நம்மவர்களின் துயரம் பெரும்பாலும் உடம்பின் வழியாகவே மருத்துவரிடம் வருகிறது. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வலியை முறையாகப் பரிசோதித்த பிறகு, தூக்கம், கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது பற்றி அவர் கேட்கட்டும். நீங்கள் மொழிபெயர்க்க வேண்டாம். பிள்ளையின் முன் எந்தத் தகப்பனும் சிலவற்றைச் சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்பாளர் தெரிந்த ஊர்க்காரராகவோ அவர் அஞ்சும் தரப்பைச் சேர்ந்தவராகவோ இருந்தாலும் வாய் திறக்க மாட்டார். ஆளை மாற்றித் தரும்படி தயங்காமல் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றி அவர் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் ஒரே அமர்வில் கேட்டு முடித்துவிடலாமா? (செவிலியர்)

வேண்டாம். கைகள் நடுங்கினாலோ பார்வை எங்கோ நிலைத்துவிட்டாலோ நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள், இன்று என்ன கிழமை, இப்போது எங்கே இருக்கிறார் என்று மெல்ல நினைவூட்டுங்கள். மிச்சத்தை அடுத்த முறை கேட்கலாம்.