ஏற்காட்டு நண்பருக்கு: அசல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்

வேலை வாங்கித் தர சேலத்து ஏஜென்சி ஒன்று 8,000 ரூபாயும் அசல் மதிப்பெண் சான்றிதழும் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒருமுறை கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க நான்கு மாதம் அலைந்தேன். வேலையும் வந்தபாடில்லை.

நீங்கள் மலையிறங்கி வரும் வழியிலேயே கோரிமேட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு மையம் இருக்கிறது. கட்டணம் கிடையாது. தனியார் நிறுவனங்கள் ஆளெடுக்கும் முகாம் அங்கே பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் நடக்கும். தேதியை விசாரித்துக்கொண்டு நகல்களோடு போங்கள். அந்த மையத்தில் செய்யும் வேலைவாய்ப்புப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். (பலர் கோட்டைவிடுவது இதில்தான், நான் உட்பட.)

ஏஜென்சியையும் விட மனமில்லையா? எந்த நிறுவனம், என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். கட்டணத்தை முதல் மாதச் சம்பளம் வந்தபின் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பதில் சொல்லும் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.