திமில் இருப்பதால்தான் நாட்டு மாடுகள் கடும் வெயிலைத் தாங்குகின்றனவா?

திமிலுக்கு இதில் பெரிய பங்கில்லை. அதில் இருப்பது தசையும் கொழுப்பும்தான். திமிலையும் அலைதாடியையும் (கழுத்துக்குக் கீழே தொங்கும் தோல்) அறுத்து நீக்கிவிட்டுச் செய்த பழைய ஆய்வுகளிலேயே மாடுகளின் வெயில் தாங்கும் திறன் அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை.

சூட்சுமம் தோலில் இருக்கிறது. கிர், சாகிவால், பிராமன் போன்ற இனங்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்பை ஒட்டியவை. முடியும் குட்டையாகப் படிந்திருப்பதால் வியர்வை சட்டென்று ஆவியாகும். கரீபியன் தீவான செயின்ட் குரோயில் உருவான செனிபோல் மாட்டுக்குத் திமிலே கிடையாது. ஆனாலும் வெயிலைத் தாங்கும். அதன் வழவழப்பான குட்டை முடிக்குக் காரணம், பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ஏற்கும் ஏற்பியின் மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். அதை இப்போது நிறையப் பால் கறக்கும் ஐரோப்பிய இனமான ஹோல்ஸ்டீனிலும் கலப்பு மூலம் கொண்டுவந்திருக்கிறார்கள்.

இன்னொன்றைப் பலரும் சொல்வதில்லை. தீவனம் வயிற்றில் நொதிக்கும்போதும் மடியில் பால் சுரக்கும்போதும் சூடு உண்டாகிறது. நாளுக்கு 30 லிட்டர் கறக்கும் மாடு உள்ளே ஓர் அடுப்பை எரியவிட்டுக்கொண்டுதான் வெயிலில் நிற்கிறது. நாட்டு மாடு குறைவாகத் தின்று குறைவாகக் கறப்பதும் அது தாக்குப்பிடிக்க ஒரு காரணம். இதை விட்டுவிட்டுப் புகழ்வது நியாயமாகப் படவில்லை.

என் கொட்டகையில் இரண்டு வகையும் உண்டு. உச்சி வெயிலில் ஹோல்ஸ்டீன் கலப்பு படுக்கவே படுக்காது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, நூல் நூலாக எச்சில் வடித்தபடி நிற்கும். விலா ஏறி இறங்குவதை எண்ணினால் நிமிடத்துக்கு 80-ஐத் தாண்டும். பக்கத்தில் சாகிவால் படுத்து நிதானமாக அசைபோடும். தரையில் வடியும் அந்த எச்சிலில்தான் வயிற்றுப் புளிப்பைக் கட்டுப்படுத்தும் பைகார்பனேட் இருக்கிறது. அது வீணாகி, அசைபோடுவதும் குறைந்தால் வயிற்றில் அமிலம் ஏறும். கோடையில் பாலின் கொழுப்பு இறங்க இதுவும் காரணம்.

வெப்பமானியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 25 டிகிரி செல்சியஸ், 50 சதவீத ஈரப்பதம் என்றால் நமக்கு இதமாக இருக்கும். ஆனால் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப-ஈரப்பதக் குறியீடு அப்போதே 72-ஐத் தொட்டுவிடும். நிறையக் கறக்கும் மாட்டுக்கு 68-லேயே சிரமம் தொடங்கும். காற்று ஈரமாக இருந்தால் வியர்வை ஆவியாகாது, எந்த இனமானாலும் திணறும். புழுக்கமான கொட்டகையில் காற்றோட்டமில்லாமல் தண்ணீரை மட்டும் தெளிப்பதில் பலனில்லை, மின்விசிறியும் வேண்டும். பகலில் ஏறிய சூட்டை மாடு இரவில்தான் இறக்குகிறது, அதனால் இரவிலும் விசிறியை நிறுத்தாதீர்கள். தீவனத்தில் பெரும்பங்கைச் சாயங்காலத்துக்குப் பிறகும் விடியலுக்கு முன்பும் போடுங்கள்.