ஹேக்கிங் கோர்ஸுக்கு நகையை அடகு வைக்கலாமா?

வணக்கம் அம்மா. மூன்றாம் வருஷம் இசிஇ படிக்கிற பையன் எத்திக்கல் ஹேக்கிங் (அனுமதியோடு ஊடுருவிப் பார்த்து ஓட்டைகளைக் கண்டுபிடிக்கும் வேலை) கோர்ஸில் சேர ஒன்றரை லட்சம் கேட்கிறான், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

போன சனிக்கிழமை அவன் வந்திருந்தான். லேப்டாப்புக்குள் இன்னொரு கணினி மாதிரி ஓடும் விர்ச்சுவல் மெஷின் போட்டு, அதில் ஹேக்கிங் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸும் வைத்திருக்கிறான். கட்டளைகளை மனப்பாடமாக அடிக்கிறான். என் மேஜையில் கிடக்கும் பழைய ரவுட்டரில், இணையும் கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை நிறுத்திவிட்டு, கேபிளை அவன் லேப்டாப்பில் சொருகினேன். விண்டோஸில், கணினியின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் கட்டளையை அடித்தால் அது 169.254 என்று தொடங்குகிறது. "ஏன் நெட் வரவில்லை?" என்றேன். விழித்தான். ரவுட்டர் முகவரி தராதபோது விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்கிற எண் அது. தொழில் தெரிந்தவர் அதைப் பார்த்ததும் டிஹெச்சிபி பக்கம் போய்விடுவார்.

அடுத்து ஒன்று கேட்டேன். 8.8.8.8 என்ற கூகுள் சர்வருக்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்ப்பது) போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை, கோளாறு எங்கே? "டிஎன்எஸ்ஸா இருக்குமோ சார்?" என்று இழுத்தான். சரியான பதில். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்தான். மூளை இருக்கிறது, அஸ்திவாரம்தான் இல்லை.

2021 அக்டோபர் 4 அன்று ராத்திரி 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் வராமல் நீங்களும் போனைத் தட்டியிருப்பீர்கள். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்தே படுத்தன, சுமார் 6 மணி நேரம். ஹேக்கர் வேலை என்று பலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை அந்த நிறுவனத்தின் டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. உடனே அவர்களுடைய டிஎன்எஸ் சர்வர்கள், 'இந்த வழியாக வாருங்கள்' என்று நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபி மூலம் உலகத்துக்குச் சொல்லிவந்ததை நிறுத்திக்கொண்டன. சர்வர்கள் உயிரோடுதான் இருந்தன, போய்ச்சேர வழிதான் இல்லை. பூட்டை உடைக்கக் கற்பதற்கு முன்னால் இந்த வழி தெரிய வேண்டும் என்றுதான் உங்கள் பையனிடம் சொல்கிறேன்.

அதனால் முதல் ஆறு மாதம் சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏவின் பாடத்தைப் படிக்கட்டும். நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பழகும் பேக்கெட் டிரேசர், நெட்வொர்க்கில் ஓடும் பேக்கெட்டுகளை (தகவல் துண்டுகளை) காட்டும் வயர்ஷார்க் இரண்டும் இலவசம். வயர்ஷார்க்கை ஓடவிட்டு ஒரு தளத்தைத் திறந்தால், முதலில் டிஎன்எஸ் கேள்வி, அப்புறம் சின், சின்-ஆக், ஆக் என்று இணைப்பைத் தொடங்க மூன்று பேக்கெட் கைகுலுக்குவது கண்ணாலேயே தெரியும். 192.168.10.0/26 என்ற முகவரித் தொகுதியில் எத்தனை கணினி சேர்க்கலாம் என்றால் பேப்பர் இல்லாமல் 62 என்று சொல்ல வரவேண்டும். தேர்வுக் கட்டணம் இப்போதைக்கு 300 டாலர், வரி தனி. ரூபாயில் கால் லட்சத்துக்கு மேல் போகும். சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும். பாடம் கைக்கு வந்த பிறகு கட்டினால் போதும்.

கோர்ஸ் நடத்துகிறவர்கள் '100 சதவீத பிளேஸ்மென்ட்' என்கிறார்களே, அதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு மாறும்.

வேலையைப் பற்றியும் ஒளிவுமறைவு வேண்டாம். முதலில் கிடைப்பது பெரும்பாலும் நாக் (நெட்வொர்க்கைக் கவனிப்பது) அல்லது சாக் (பாதுகாப்பைக் கவனிப்பது) என்கிற கண்காணிப்பு அறையில் எல்1, அதாவது முதல் நிலை வேலை. சுழற்சி ஷிஃப்ட், நைட்டும் உண்டு. வருகிற அலர்ட்டில் எது நிஜம், எது வெத்து என்று பிரிப்பதே முதல் வருஷம் முழுக்க ஓடும். ராத்திரி கண்விழிக்க உடம்பு ஒத்துழைக்குமா என்று அவனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது. ஹாஸ்டல் வைஃபை பாஸ்வேர்டை உடைத்துப் பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்தவர் நெட்வொர்க்கில் அனுமதி இல்லாமல் கெட்ட எண்ணத்தோடு நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. விளையாட்டுக்குச் செய்தேன் என்பதை ஸ்டேஷனில் நிரூபித்துக்கொண்டிருக்க முடியாது. பழக வேண்டுமென்றால் சொந்த லேப்டாப்புக்குள் லேப் போட்டுப் பழகட்டும்.

அடுத்த மாதம் முகவரித் தொகுதியைப் பிரிக்கும் சப்நெட்டிங் கணக்கு இருபது போட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பதினைந்து சரியாக இருந்தால் அந்தப் பழைய ரவுட்டரை அவனுக்கே கொடுத்துவிடுகிறேன்.