மாதம் 45,000 ரூபாய் சம்பளம். பெரிய மருத்துவச் செலவு ஒன்று வந்தால் குடும்பம் கடனில் மூழ்காமல் இருக்க இப்போதே என்ன செய்ய வேண்டும்?

உங்கள் வயது 36, கோவையில் தனியார் நிறுவன வேலை, மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், சுகரும் பிபியும் உள்ள 62 வயது அம்மா, அலுவலகத்தில் 3 லட்சத்துக்குக் குரூப் காப்பீடு. இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஆனால் சரிசெய்துகொள்ள உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

முதலில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. அதில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது மாதம் பத்தாயிரம். தொழிலாளர்களுக்கான ஈஎஸ்ஐ காப்பீடு மாதம் 21,000 ரூபாய் சம்பளத்தோடு நின்றுவிடும். அது 2017-இல் வைத்த வரம்பு. அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. உங்களுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை. ஐந்து லட்சம் ரூபாய் பில்லைக் கையிலிருந்து கட்டும் வசதியும் இல்லை. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி எந்த மருத்துவக் காப்பீட்டிலும் இல்லாமல் நடுவில் நிற்பவர்கள் நாட்டின் மக்கள்தொகையில் குறைந்தது 30 விழுக்காடு, ஏறக்குறைய 40 கோடிப் பேர் என்று சொன்னது. உங்களுக்கு அலுவலக பாலிசி இருப்பதால் அந்தக் கணக்கில் நீங்கள் வரமாட்டீர்கள். வேலை போனால் அடுத்த நாளே வந்துவிடுவீர்கள்.

அதனால்தான் சொந்தமாக ஒரு குடும்ப பாலிசி வேண்டும் என்கிறேன். உங்களுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்து 5 அல்லது 10 லட்சத்துக்கு ஒன்று எடுங்கள். அதற்கு மேல் சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசி ஒன்றும் போடுங்கள். முதல் பாலிசியின் தொகையைத் தாண்டிய பிறகே அது பணம் கொடுக்கும் என்பதால் பிரீமியம் குறைவாகத்தான் இருக்கும். அம்மாவை இந்த பாலிசிக்குள் கொண்டுவராதீர்கள். குடும்ப பாலிசியின் பிரீமியம் பெரும்பாலும் மூத்தவரின் வயதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அவருக்குத் தனியாக எடுப்பதே நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு இருந்த 18 விழுக்காடு ஜிஎஸ்டி நீக்கப்பட்டிருக்கிறது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவர்களுக்கு இது ஒரு நல்ல வாய்ப்பு.

அம்மா விஷயத்தில் தாமதிக்கவே கூடாது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வைக்கலாம் என்பது 2024 முதல் விதி. அந்த 36 மாதமும் பாலிசி எடுத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். இன்று எடுத்தால் அவருக்கு 65 ஆகும்போது சுகர் சம்பந்தப்பட்ட சிகிச்சைக்கும் பாதுகாப்பு வந்துவிடும். 65 வயது தாண்டியவருக்குப் புதிய பாலிசி தர மறுக்கும் வழக்கத்தையும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு மாற்றியது, ஆனால் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும். மூத்தவர்களுக்கான பாலிசிகளில் பல, பில்லில் 20 விழுக்காட்டை நாமே கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

விண்ணப்பப் படிவத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். என் சித்தப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதியவர். பாலிசி எடுக்கும்போது தனக்கு பிபி மாத்திரை உண்டு என்று ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறார். "அதெல்லாம் எழுதுனா பிரீமியம் ஏறிருமுங்க" என்று சொல்லி ஏஜென்ட் 'இல்லை' என்று டிக் செய்துவிட்டார். மூன்றாம் ஆண்டில் மாரடைப்பு, ஆஞ்சியோ, இரண்டு ஸ்டென்ட். பிபி-யை மறைத்தார் என்று காரணம் காட்டி நிறுவனம் கிளெய்மை மறுத்தது. சித்தியின் நகை அடகுக்குப் போனது. அவிநாசி பக்கம் பல வருடம் தவணை கட்டி வாங்கிய காலி மனையும் போனது. அந்த மனையை நம்பித்தான் அவர்கள் மகள், என் தங்கையின் படிப்புக்குத் திட்டம் போட்டிருந்தார்கள். நோய் குணமாகிவிட்டது. அந்தக் குடும்பம் பழைய நிலைக்கு வரவில்லை. ஒரு டிக் குறியால் இருபது வருட உழைப்பு கரைந்துபோனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இடைவெளி இல்லாமல் 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எதைச் சொல்லியும் இப்படி மறுக்க முடியாது. அதுவரை உண்மையை எழுதியிருப்பது ஒன்றுதான் நமக்குப் பாதுகாப்பு.

அடுத்து ரூம் வாடகை. பாலிசி வாங்கும்போது இதை யாரும் பார்ப்பதில்லை, டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரியவரும். 5 லட்சம் பாலிசியில் அறை வாடகை 1 விழுக்காடு என்று இருந்தால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்தான் அனுமதி. நீங்கள் 8,000 ரூபாய் அறையில் ஆறு நாள் இருக்கிறீர்கள். மீதி 18,000 கட்டினால் போதும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஐயாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் உள்ள விகிதம் 62.5 விழுக்காடு. டாக்டர் கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணம், தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் வெட்டலாம். அவை சேர்ந்து 2,40,000 என்றால் 1,50,000 மட்டும் வரும். 90,000 உங்கள் தலையில், அதோடு அந்த 18,000. மருந்து, ஸ்டென்ட் போன்ற உள்பொருத்திகள், பரிசோதனைச் செலவுகளை இப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பில்லை அந்தக் கண்ணோடு பாருங்கள். அறை வாடகைக்கு உச்சவரம்பு இல்லாத பாலிசி கொஞ்சம் கூடுதல் விலையானாலும் அதையே எடுங்கள். ஏற்கெனவே வரம்போடு எடுத்தவர்கள், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பித்து வேறு நிறுவனத்துக்கு மாறலாம். காத்திருந்த காலம் வீணாகாது.

கிளெய்மை மறுத்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

அப்புறம் அரசு மருத்துவமனை. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு அங்கே போக ஒரு தயக்கம். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கவலையும் அதில் கலந்திருக்கிறது. நம் வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவமனை அது, வாசலில் யாரும் வருமானச் சான்று கேட்பதில்லை. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு, கழிப்பறை சில இடங்களில் மோசம், மறைக்கவில்லை. ஆனாலும் ஒரு தனியார் மருத்துவமனை உடனே ஆபரேஷன் என்று சொன்னால், அவசர நிலை இல்லாதபோது, கோவை அரசு மருத்துவமனையில் இன்னொரு கருத்து கேட்பது பெரும் செலவைத் தடுக்கக்கூடும். சென்னை என்றால் ஓமந்தூரார் மருத்துவமனையிலும் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையிலும் கட்டண அறைகளே உண்டு. சாலை விபத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் அது. அதற்கும் வருமான வரம்பு கிடையாது. அம்மாவின் மாத மாத்திரைகளுக்கு முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ அதே மூலக்கூறின் ஜெனரிக் மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். மாதாமாதம் மிச்சமாகும் அந்தப் பணமே அவருடைய பிரீமியத்தில் ஒரு பங்கைக் கட்டிவிடும்.

கையில் மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். கேஷ்லெஸ், அதாவது காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் முறை என்றாலும் முன்பணம் கேட்பார்கள். தட்டுப்பட்டால் வங்கியில் நகைக் கடன் வாங்குங்கள், வட்டிக்கு விடுபவரிடம் போகாதீர்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. மாதம் 45,000 சம்பாதிப்பவர் இத்தனை நிபந்தனைகளைப் படித்துத் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டிய நிலை நியாயமானது இல்லை. அரசு நினைத்தால் செலவைக் குறைக்க முடியும் என்று பார்த்திருக்கிறோம். 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கு உச்ச விலை வைத்தபோது, லட்ச ரூபாய்க்கு மேலும் விற்ற மருந்து பூசிய ஸ்டென்ட் 30,000 ரூபாய்க்குள் வந்தது. ராஜஸ்தான் 2021-இல் கொண்டுவந்த சிரஞ்சீவி திட்டத்தில், ஏழைகளுக்கு இலவசம், மற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேரலாம் என்று வைத்தார்கள். மருத்துவக் கட்டமைப்பில் நம் மாநிலம் ராஜஸ்தானைவிட வலுவானது. முதலமைச்சர் திட்டத்தின் வருமான வரம்பை உயர்த்தட்டும். அதற்கு மேல் உள்ளவர்கள் நியாயமான பிரீமியம் கட்டிச் சேர வழி வைக்கட்டும். இலவசமாகக் கேட்கவில்லை, காசு கட்டத் தயாராகத்தான் இருக்கிறோம். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. அடுத்த முறை குறை கேட்க வரும்போது இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுங்கள். நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.