வெடிப்பு எல்லாம் ஃபால்ட் இல்லை: நிலநடுக்கக் கேள்விகளும் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்கள் கேட்டவை. நிலவியல் படித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

பாலக்கோட்டிலிருந்து: சார், எங்கள் கிணற்றுப் பாறையில் மேலிருந்து அடிவரை வெடிப்பு. இது நிலநடுக்கப் பிளவா?

ஃபால்ட், அதாவது நிலநடுக்கப் பிளவு என்று சொல்ல வெடிப்பு மட்டும் இருந்தால் போதாது, ஒரு பக்கப் பாறை மறுபக்கத்தை விட்டு விலகி நகர்ந்திருக்க வேண்டும். உங்கள் கிணற்றில் வெங்கச்சங்கல் நரம்பு (பாறைக்குள் கோடுபோல ஓடும் வெள்ளைக் கல்) ஏதாவது வெடிப்பைக் குறுக்கே வெட்டிப் போகிறதா பாருங்கள். இந்தப் பக்கத்து நரம்பு அந்தப் பக்கம் அதே மட்டத்தில் தொடர்ந்தால் எதுவும் நகரவில்லை. ஒரு சாண் தள்ளித் தொடர்ந்தால் அது ஃபால்ட்தான். அதற்காகப் பயப்பட வேண்டாம். நம் பக்கத்துப் பாறைகளில் பல 250 கோடி ஆண்டுப் பழசு, நகர்ந்தது என்றைக்கோ இருக்கலாம்.

ஊத்தங்கரையிலிருந்து: அண்ணா, நிலநடுக்கம் வந்த ஊரில் ஆய்வாளர்கள் முதலில் எதைத் தேடுவார்கள்?

முன்பு நேராக இருந்தவற்றை. வேலி, வரப்பு, வாய்க்கால், தண்டவாளம், ரோட்டின் நடுக்கோடு. வரப்பு ஒடிந்து பக்கவாட்டில் விலகியிருந்தால் டேப் வைத்து அளப்பார்கள். ஒரே இடத்து அளவை நம்ப முடியாது, பிளவு நெடுக இடத்துக்கு இடம் மாறும். 1999 துருக்கி நிலநடுக்கத்தில் சில இடங்களில் 5 மீட்டர் வரை விலகியது. அப்புறம், அவசரமும் உண்டு: விவசாயி ஏர் ஓட்டுவார், மழை கரைக்கும், ரோடு போடுகிறவர்கள் பூசிவிடுவார்கள்.

ஓசூரிலிருந்து: 2023-இல் துருக்கியில் ஆலிவ் தோப்பு இரண்டாகப் பிளந்த வீடியோ பார்த்தோம். அதுதானே ஃபால்ட்?

இல்லை, அது நிலநடுக்கம் கிளப்பிவிட்ட நிலச்சரிவு. களத்தில் ஏமாறுவது இப்படித்தான். சரிவில் மண் பள்ளத்தை நோக்கி இறங்கும். ஃபால்ட் மேட்டையும் பள்ளத்தையும் பார்க்காமல் தன் போக்கில் ஓடும்.

அரூரிலிருந்து: நம்முடையது கெட்டிப் பாறை, இங்கே வராது என்கிறார்களே?

மகாராஷ்டிராவில் லாத்தூர் பக்கம் கில்லாரியிலும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, 6.2 அளவு. கனத்த கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வீடுகள் தூங்கியவர்கள் மேல் சரிந்தன. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். தரையில் தெரிந்த பிளவோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான், ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் ஏறியிருந்தது. 2001 குஜராத் நிலநடுக்கம் அதைவிடப் பல மடங்கு பெரியது, அதில் ஃபால்ட் தரைக்கே எட்டவில்லை. ஆகவே மேலே கோடு இல்லை, கீழே ஃபால்ட் இல்லை என்று கணக்குப் போட முடியாது. நம் கோயம்புத்தூர் பக்கமே 1900-இல் ஒன்று வந்திருக்கிறது.

கிருஷ்ணகிரியிலிருந்து: தினமும் ஜன்னல் அதிர்கிறது, நிலநடுக்கமா?

அதிரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். பக்கத்துக் குவாரியில் வெடி வைக்கும் நேரத்தோடு ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது, புகாரைத் தாசில்தாரிடம் கொடுங்கள்.