டிஸ்னி வேர்ல்டில் உணவுத் திட்டம் எடுக்கலாமா?

ஃப்ளோரிடா வால்ட் டிஸ்னி வேர்ல்டில் குடும்பத்தோடு தங்கப் போகிறோம், முன்கூட்டியே பணம் கட்டும் உணவுத் திட்டம் லாபமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்பதைப் பொறுத்தது.

டிஸ்னி ஹோட்டலில் பேக்கேஜாகத் தங்குபவர்களுக்குத்தான் இது கிடைக்கும். இரண்டு வகை. ஒன்றில், ஓர் இரவுத் தங்கலுக்கு கவுண்டர் சாப்பாடு இரண்டு, நொறுக்கு ஒன்று. மற்றதில் ஒரு கவுண்டர் சாப்பாட்டுக்குப் பதில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகம். 2024-ல் பெரியவருக்கு ஓர் இரவுக்கு முதலாவது சுமார் 57 டாலர், இரண்டாவது 94 டாலர்.

பர்கரும் கோக்கும் வாங்கினால் 57 டாலரை எட்டுவது கஷ்டம். சைவம் என்றால் இன்னும் கஷ்டமாகலாம். அந்தத் தட்டுகள் சில நேரம் மலிவாக இருக்கும். ஆனால் ஷெஃப் மிக்கீஸ் மாதிரி, மிக்கி மவுஸ் மேசைக்கே வந்து போகும் பஃபேயில் இரவுச் சாப்பாடு பெரியவர் ஒருவருக்கே 60 டாலரைத் தாண்டிவிடும், அதற்கு ஒரே கிரெடிட்தான் (திட்டத்தில் ஒரு சாப்பாடு அல்லது நொறுக்குக்கான உரிமை) கழியும். அங்கேதான் இரண்டாவது திட்டம் ஜெயிக்கிறது. சிண்ட்ரெல்லா கோட்டை விருந்துக்கோ இரண்டு கிரெடிட் போய்விடும்.

2024-ல் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் மிகக் குறைவாக இருந்தது, அப்படி இருந்தால் கணக்கு உங்கள் பக்கம் சாயும். ஒரே அறையில் ஆளுக்கொரு திட்டம் எடுக்க முடியாது. டிப்ஸ் தனி. மிஞ்சிய கிரெடிட் கிளம்பும் நாள் நள்ளிரவோடு காலாவதி. கடைசி நாளில் நொறுக்குத் தீனி வாங்கி பையை நிரப்புபவர்களை அதனால்தான் பார்க்கலாம்.

சரி, மெனு விலைகள் டிஸ்னி தளத்திலேயே இருக்கின்றன. அவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.